அசிட்டில் போட்டால் கத்தியில் கோலம் வருமா?

போன இதழில் வீட்டுப் பட்டறையில் கத்தி செய்வது பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் நிறைய ஒரே இடத்தில் வந்து நின்றன: கத்தி அடித்து முடித்தாயிற்று, அதன் மேல் அந்த அலையும் கருமையும் மினுக்கமும் எப்படி வருகிறது? அதனால் இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பஞ்சிகாவத்தையில் பழைய லொறி ஸ்பிரிங் தகடு வாங்கி ஒரு கத்தி அடித்தேன். டமஸ்கஸ் கத்தி மாதிரி அலை அலையாக வரட்டும் என்று பெரிக் குளோரைட்டில் அரை மணித்தியாலம் போட்டு வைத்தேன். எடுத்துப் பார்த்தால் முழுக்கச் சாம்பல் நிறம். அசிட் சரியில்லையா, என் கை சரியில்லையா? – தெமட்டகொட வாசகர்

இரண்டும் சரிதான் தம்பி. அந்தத் தகட்டுக்குள் அலை இல்லை, அதனால் வெளியே வரவில்லை. அசிட் தானாக எதையும் வரையாது, உள்ளே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும்.

டமஸ்கஸ் என்று இன்றைக்குச் செய்கிற கத்தி, இரண்டு வகை உருக்கை மாறி மாறி அடுக்கி, உலையில் நன்றாகக் காய்ச்சி அடித்து ஒட்டி, வெட்டி அடுக்கித் திரும்பவும் அடித்து எடுத்தது. வழக்கமாக ஒன்று 1084 அல்லது 1095 என்கிற கார்பன் உருக்கு, மற்றது 15என்20. இந்த 15என்20-இல் சுமார் 2 சதவீதம் நிக்கல் இருக்கிறது. நிக்கல் அசிட்டுக்குச் சுலபமாக மசியாது, வெள்ளையாகவே நிற்கும். பக்கத்தில் இருக்கிற கார்பன் உருக்கு கரைந்து கறுக்கும், 1084-இல் மங்கனீஸ் கூட என்பதால் இன்னும் நன்றாகக் கறுக்கும். அந்த வெள்ளையும் கறுப்பும்தான் நீங்கள் பார்க்கிற அலை. அடுக்கை முறுக்கினாலோ, துளை போட்டுத் தட்டையாக அடித்தாலோ அலையின் வடிவம் மாறும், அதெல்லாம் உலையிலேயே முடிந்துபோகிற வேலை.

லொறி ஸ்பிரிங் பெரும்பாலும் 5160, அல்லது ஜப்பான் வண்டியென்றால் எஸ்யூபி9 என்கிற வகை. சுமார் 0.6 சதவீதம் கார்பன், கொஞ்சம் குரோமியம், கொஞ்சம் மங்கனீஸ், ஆனால் முழுக்க ஒரே உருக்கு. ஒரே உருக்கு ஒரே மாதிரித்தான் கறுக்கும். அதற்காக மனம் விட வேண்டாம், அடிபட்டாலும் உடையாத நல்ல உருக்கு அது, காட்டுக்கத்திக்கும் தேங்காய் வெட்டுகிற கத்திக்கும் அதைவிட நல்லது இந்த விலைக்குக் கிடைக்காது. கத்தியைப் பிடிப் பக்கமாகத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், தோய்ச்சல் (காய்ச்சிய கத்தியைச் சட்டென்று ஆற்றிக் கடினமாக்குவது) எட்டாத இடத்தில் நிறம் மாறி ஒரு கோடு ஓடலாம். அசிட் உங்களுக்குக் காட்டியது அதுதான். அந்தச் சாம்பல் நிறத்தையே அழகாக்க வழி கேட்டால், கீழே கல் உருட்டுவது பற்றிய பதிலைப் பாருங்கள்.

1084-உம் 15என்20-உம் அடுக்கிய பட்டை ஒன்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கத்தி செய்து, தோய்ச்சலும் போட்டுவிட்டேன். அசிட் போடுவதை முதலிலிருந்து சொல்வீர்களா? – கொட்டாஞ்சேனை வாசகர்

சொல்கிறேன், ஆனால் அசிட்டிலிருந்து தொடங்க மாட்டேன். வேலையில் பெரும் பங்கு அதற்கு முன்னாலேயே இருக்கிறது.

சாண்ட் பேப்பர். 120-இல் தொடங்கி 220, 400, 600, முடிந்தால் 800 வரை போங்கள். ஒரு தட்டையான மரக்கட்டையிலோ இரும்புத் துண்டிலோ பேப்பரைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு நம்பருக்கும் கை போகிற கோணத்தை மாற்றுங்கள், 220-ஐ ஒரு பக்கமாகச் சாய்த்துத் தேய்த்தால் 400-ஐ மறுபக்கம் சாய்த்து. அப்படிச் செய்தால் முந்தின நம்பரின் கீறல் குறுக்கே பளிச்சென்று தெரியும், அது முழுக்க மறைந்த பிறகுதான் அடுத்த பேப்பரை எடுக்க வேண்டும். இதில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். வெறுங்கண்ணுக்குத் தெரியாத 220 கீறல் ஒன்று, அசிட்டிலிருந்து எடுத்ததும் கத்தியின் நடுவே மின்னல் வெட்டியது போல நிற்கும். கடைசி நம்பரில் பிடியிலிருந்து முனை நோக்கி ஒரே திசையில் இழுத்து, முனையைத் தாண்டிப் பேப்பரைத் தூக்கிவிடுங்கள். நடுவில் நிறுத்தித் திருப்பினால் கீறலின் நுனி தூண்டில் முள் மாதிரி வளைந்து நிற்கும்.

அப்புறம் கத்தியைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, அசிற்றோனால் துடைத்து, அதன் பிறகு வெறுங்கையால் தொடவே கூடாது. விரல் ரேகையின் எண்ணெய் பட்ட இடத்தில் அசிட் பிடிக்காது, ரேகை அப்படியே கத்தியில் அச்சாகிவிடும்.

பெரிக் குளோரைட் திரவமாக வாங்கினால் ஏறக்குறைய 40 சதவீதச் செறிவில் இருக்கும். ஒரு பங்குக்கு மூன்று அல்லது நான்கு பங்கு தண்ணீர் சேருங்கள். செறிவு கூடினால் சீக்கிரம் முடியும் என்று நினைக்காதீர்கள், கூடின செறிவு மேற்பரப்பைக் கரடுமுரடாகத் தின்னும், அலையின் ஓரம் கூர்மையாக வராது. கட்டியாக வாங்கினால் தண்ணீரை முதலில் எடுத்து, அதற்குள் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், கட்டியின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரையும்போது சூடாகும், ஆவியும் வரும்.

பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றின் அடியை மூடி நிமிர்த்தினால் கத்தி தொங்க நல்ல பாத்திரம். பிடித் துளையில் நூல் கட்டி, பக்கத்தில் முட்டாமல் தொங்க விடுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம். வெளியே எடுத்தால் கரி பூசினது போல இருக்கும், ஒன்றும் தெரியாது, பயப்படாதீர்கள். ஓடும் தண்ணீரில் 2000 நம்பர் வெட் பேப்பரை ஒரு தட்டைக் கட்டையில் வைத்து மெதுவாக இழுத்தால் கரி கழன்று, நிக்கல் வரிகள் ஒவ்வொன்றாக வெளுத்து வரும். திரும்பத் தொங்க விடுங்கள், திரும்ப எடுத்துத் தேயுங்கள். சில சுற்றுக்குப் பிறகு நகத்தைக் கத்தியின் குறுக்கே இழுத்துப் பாருங்கள், படி படியாகத் தட்டுப்பட்டால் ஆழம் போதும். இனி அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துக் கத்தி முழுக்கப் பூசுங்கள். நுரைக்கும். நுரை நின்ற பிறகும் இன்னொரு தடவை பூசுங்கள், ஏனென்றால் பிடித் துளையிலும் பிடி சேர்கிற மூலையிலும் ஒளிந்திருக்கிற அசிட் அடுத்த நாள் காலையில் மஞ்சள் துருவாகத் தலை காட்டும். கழுவி, துடைத்து, உடனே எண்ணெய் போடுங்கள்.

டீவி திருத்தும் நண்பர் தான் பாவித்த பெரிக் குளோரைட்டைத் தந்தார். அதில் போட்ட கத்தி செம்பு நிறமாக வந்திருக்கிறது. பார்க்க அழகுதான், ஆனால் தேய்த்தால் போகிறது. – மட்டக்குளி வாசகர்

செம்பு நிறம் இல்லை, அது செம்பேதான். சர்க்கியூட் பலகையிலிருந்து கரைந்த செம்பு அந்தத் திரவத்தில் இருக்கிறது. இரும்பை உள்ளே போட்டதும் இரும்பு கரைந்து செம்பு அதன் மேல் வந்து படிகிறது. நிலைக்காது, கீழே அலையையும் மறைத்துவிடும். 600-ஆல் முழுக்க அடித்து எடுத்துவிட்டு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் எலெக்ட்ரோனிக்ஸ் கடைகளில் விசாரித்துப் புதிது வாங்குங்கள். கத்திக்கென்று வைத்த போத்தலில் சர்க்கியூட் பலகையை ஒரு தடவைகூடப் போட வேண்டாம்.

எங்கள் வீடு மாடிக் குடியிருப்பு. ஏ.எல். படிக்கிற மகன் குசினி சிங்கிற்குள் வைத்து இந்த அசிட் வேலை செய்கிறான். சொன்னால் 'அது வெறும் உப்பு அம்மா' என்கிறான். தடுக்கலாமா? – வெள்ளவத்தை வாசகி

வேலையைத் தடுக்காதீர்கள் அக்கா, இடத்தைத் தடுங்கள். குசினியில் கூடவே கூடாது. அவன் சொல்வது இரசாயனப் பாடத்தின்படி சரி, பெரிக் குளோரைட் ஒரு உப்புத்தான், ஆனால் தண்ணீரில் கரைந்தால் அது அசிட் குணம் காட்டுகிற திரவம். எவர்சில்வர் சிங்கைக் குழி குழியாக அரிக்கும், செம்புக் குழாயைத் தின்னும், உடுப்பிலும் தரை ஓட்டிலும் பட்டால் போகாத மஞ்சள் கறை. கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்.

பல்கனியில், ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசினுக்குள் பாத்திரத்தை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: அதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்க விடாதீர்கள். தேத்தண்ணி நிறத் திரவம், பழகின போத்தல், வீட்டில் சின்னப் பிள்ளைகள்! தனிப் போத்தல், பெரிய எழுத்தில் பெயர், பூட்டின அலுமாரி.

ஒரு போத்தல் பல கத்திக்கு வரும். வேகம் குறைந்து பச்சை தட்டினால் அதன் ஆயுள் முடிகிறது என்று அர்த்தம். அப்போதும் சிங்கிலோ கானிலோ ஊற்றக் கூடாது. அப்பச்சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நுரை நிற்கும்வரை கலக்கினால் அடியில் மண்ணிறச் சேறு தங்கும், அதைக் காய வைத்துக் கட்டி, இரசாயனக் கழிவு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பெரிக் குளோரைட் கிடைக்கவில்லை என்று சிலர் கக்கூஸ் கழுவுகிற அசிட்டை எடுக்கிறார்கள். அதன் ஆவி நெஞ்சைப் பிடிக்கும், பக்கத்தில் இருக்கிற ஆயுதம் எல்லாவற்றையும் ஒரே இரவில் துருப்பிடிக்க வைக்கும், தப்பித் தவறி ப்ளீச்சோடு கலந்தால் குளோரின் வாயு. மகனிடம் அதை மட்டும் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

கோப்பியில் போட்டால் இன்னும் கறுக்கும் என்கிறார்களே, உண்மையா? நம் நாட்டில் தேயிலைதானே மலிவு? – கிராண்ட்பாஸ் வாசகர்

உண்மை. அசிட் வேலை முடித்து, கழுவின கத்தியை நல்ல கட்டியான இன்ஸ்டன்ட் கோப்பியில் (ஒரு லீற்றருக்கு 100 கிராமுக்குக் குறையாமல், ஆறினது, சீனி இல்லாமல்) சில மணித்தியாலம் விட்டால், கார்பன் உருக்கு மையாகக் கறுக்கும், நிக்கல் வரி அப்படியே வெளுப்பாக நிற்கும். பெரிக் குளோரைட் தருகிற சாம்பலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். எடுத்ததும் தேய்க்காமல் தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி எடுங்கள், ஈரமாக இருக்கும்போது அந்தக் கறுப்பு மென்மையானது.

தேயிலையும் கறுக்க வைக்கும், அதில் இருக்கிற தனின் இரும்போடு சேர்ந்தால் கறுப்புத்தான். இது நம் ஆட்களுக்குப் புதிதில்லை. கலம்காரித் துணியின் கறுப்பு, கடுக்காயில் தோய்த்த துணியில் வெல்லத்தோடு புளிக்க வைத்த இரும்புத் தண்ணீர் படும்போது வருவதுதான். வாழைப்பூ அரிந்த இரும்புக் கத்தியை உடனே கழுவாமல் விட்டுப் பாருங்கள், அதுவும் அதே வேலை. ஆனால் தேயிலையில் நிறம் சில இடத்தில் ஊதாவாகவும் சில இடத்தில் சாம்பலாகவும் திட்டுத் திட்டாக வரும். டமஸ்கஸுக்குக் கோப்பியை எடுங்கள். தேயிலையை ஒரே உருக்குச் சமையல் கத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அந்தத் திட்டுக்கூட அழகாகத்தான் இருக்கும்.

ஜப்பான் வாளில் வாய் ஓரமாக ஒரு வெண்புகைக் கோடு ஓடுமே, அதைத் தேசிக்காய்ப் புளியால் எடுக்கலாமா? – தெஹிவளை வாசகர்

தேசிப்புளியால் தெளிவாக்கலாம், உண்டாக்க முடியாது. அது ஹமோன். தோய்ச்சலுக்கு முன்னால் முதுகுப் பக்கம் களிமண் பூசிவிடுகிறார்கள், மண் மூடிய இடம் மெதுவாக ஆறி மென்மையாக நிற்கும், வாய் சட்டென்று ஆறிக் கடினமாகும். இரண்டும் சந்திக்கிற இடம்தான் அந்தக் கோடு. மங்கனீஸும் குரோமியமும் குறைந்த உருக்காக இருக்க வேண்டும், 1095 நல்லது, தரமான பழைய அரமும் நல்லது. லொறி ஸ்பிரிங்கில் நல்ல கோடு எதிர்பார்க்க வேண்டாம், அது மண்ணுக்குக் கீழேயும் கடினமாகிவிடும்.

கோடு உள்ளே இருக்கிறதென்றால் 1500, 2000 நம்பர் வரை தேய்த்து, சூடாக்கின வினாகிரியையோ தேசிப்புளியையோ பஞ்சில் தொட்டு விடாமல் பூசிக்கொண்டே இருங்கள். கறுத்து வருவதை நுண்ணிய பொலிஷ் பொடியால் துடைத்து, திரும்பப் பூச வேண்டும். இங்கே பொறுமைதான் தேவை, பெரிக் குளோரைட்டின் வேகம் இந்த நுட்பத்தைக் கொன்றுவிடும், பாவிப்பதென்றால் மிக மிக ஐதாக்குங்கள்.

கண்ணாடி மாதிரிப் பளபளக்க வேண்டும். பஃபிங் வீல் வாங்கலாமா? – பம்பலப்பிட்டி வாசகர்

வாங்காதீர்கள், பழக்கிக் காட்ட ஆள் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். கத்திப் பட்டறையில் ஆபத்தான இயந்திரம் அதுதான், சுற்றுகிற துணி கத்தியின் வாயைக் கவ்வினால் கத்தி உங்கள் மேல்தான் வரும். சூடும் ஏறும். கத்தி நீலம் பூத்தால் சுமார் 300 பாகை தொட்டுவிட்டது, அந்த வாய் இனிப் பதம் நிற்காது. கையால் 2000 வரை தேய்த்த கத்தி எனக்கு அதைவிட அழகு.

கீறல் தெரியாத, முரட்டுப் பாவனைக்கு ஏற்ற ஒரு பினிஷ் சொல்லுங்கள். – வத்தளை வாசகர்

கல் உருட்டல். 400 வரை தேய்த்து, பெரிக் குளோரைட்டில் சாம்பலாகும்வரை போட்டு, அப்பச்சோடாவில் கழுவி, மூடியுள்ள பிவிசி குழாய்க்குள் மீன் தொட்டிக் கூழாங்கல்லும் தண்ணீரும் இரண்டு சொட்டு சோப்பும் போட்டுக் கத்தியையும் உள்ளே வைத்து உருட்டுங்கள். மேடு வெளுக்கும், பள்ளம் கறுப்பாக நிற்கும். பாவிக்கும்போது விழுகிற புதுக் கீறல் அதோடு கலந்துவிடும். வாய் தீட்டுவது இதற்குப் பிறகு. தெமட்டகொடத் தம்பி, உங்கள் ஸ்பிரிங் கத்திக்கு இதைத்தான் சொன்னேன்.

கத்தியில் என் பெயர் பொறிக்க ஆசை. – பத்தாம் வகுப்பு மாணவர், கொழும்பு 13

9 வோல்ட் பற்றரி, உப்புத் தண்ணீர், காது துடைக்கிற பஞ்சுக்குச்சி, அம்மாவிடம் கேட்டு வாங்கிய கியூடெக்ஸ். இவை போதும். பெயர் வருகிற இடத்தில் கியூடெக்ஸ் பூசிக் காய வைத்து, ஊசியால் எழுத்தைக் கீறுங்கள். பற்றரியின் நேர்முனை கத்தியில், எதிர்முனை உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சில். எழுத்தின் மேல் சில செக்கன் தொட்டுத் தொட்டு எடுங்கள், நுரைத்து இரும்பு கரையும். முனை மாறிப் பிடித்தால் இரும்பு கரையாது. யன்னலைத் திறந்து வையுங்கள், கொஞ்சம் குளோரின் வரும். சுவர் மின்சாரத்தை இதற்கு ஒருநாளும் எடுக்கக் கூடாது, பற்றரி மட்டும்.

இணையத்தில் மலிவாக 'டமஸ்கஸ்' சமையல் கத்தி வாங்கினேன். அசலா என்று எப்படிப் பார்ப்பது? – நுகேகொட வாசகி

முதுகைப் பாருங்கள். அசலென்றால் பக்கத்தில் ஓடுகிற வரி முதுகிலோ, நடுவில் ஒரே உருக்கு வைத்த வகையானால் வாய்க்குச் சற்று மேலேயோ, அடுக்கடுக்காகத் தொடரும். சந்தேகமிருந்தால் ஒரு மூலையை 600 பேப்பரால் தேய்த்து வெளுக்க வைத்து, அங்கே ஒரு சொட்டு பெரிக் குளோரைட் விடுங்கள். அசல் கோலம் திரும்பி வரும். மேலே அச்சடித்ததென்றால் வராது.

கொழும்பு அருங்காட்சியகத்தில் கண்டிக் காலத்து ஆயுதங்களைப் பார்த்தேன். அந்தக் கொடி வேலைப்பாடும் அசிட்தானா? நம் நாட்டில் டமஸ்கஸ் இருந்ததா? – கொழும்பு 6 வாசகர்

கண்டிக் கத்திகளின் கொடியும் பூவும் உளி வேலை. இரும்பில் செதுக்கி, பள்ளத்தில் வெள்ளியோ பித்தளையோ பதித்து அடித்தது, அரசனுடைய பட்டறைக் கைவினைஞர்கள் செய்தது. அசிட்டுக்கு அங்கே இடமில்லை.

இரண்டாவது கேள்விக்குத்தான் எனக்கு ஆசை. பழைய டமஸ்கஸ் வாள்களின் கோலம் அடுக்கி ஒட்டினது இல்லை. மூசையில், அதாவது உருக்குகிற மண் பாத்திரத்தில், உருக்கி மெதுவாக ஆற வைத்த கார்பன் கூடின உருக்கை அடிக்கும்போது, அதற்குள் கார்பைட் (இரும்பும் கார்பனும் சேர்ந்த கடினமான பொருள்) வரி வரியாகச் சேர்கிறது, அசிட் பட்டால் அந்த வரி வெளுப்பாகவும் சுற்றி இருப்பது கறுப்பாகவும் தெரியும். அந்த மூசை உருக்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செய்யப்பட்டது, கொங்கு நாட்டுக் கொடுமணலில் அதன் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாள்களைப் பற்றி எழுதிய அல்-கிந்தி, சரந்தீப் உருக்கை, அதாவது நம் தீவின் உருக்கை, பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவயில், மேற்குப் பார்த்த மலைச் சரிவுகளில், துருத்தியே இல்லாமல் பருவக்காற்றின் வேகத்தில் எரிந்த இரும்பு உலைகளைக் கில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் அகழ்ந்தெடுத்தார். அதே மாதிரி உலை கட்டி, காற்றுக் காலத்தில் மூட்டி, உயர் கார்பன் உருக்கு வருவதையும் காட்டினார். 1996இல் நேச்சர் இதழில் அது வெளியானது. கத்தி செய்கிற ஒவ்வொரு இலங்கைப் பிள்ளைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கடற்கரைப் பக்கம் வீடு. எவ்வளவு துடைத்தாலும் கத்தி துருப்பிடிக்கிறது. – கல்கிசை வாசகர்

உப்புக் காற்றுக்கு எண்ணெய் ஒன்றுதான் பதில். சமையல் கத்திக்குத் தேங்காய் எண்ணெயோ, மருந்துக்கடையில் விற்கிற லிக்குவிட் பரபினோ ஒரு மெல்லிய பூச்சு, கண்காட்சிக் கத்திக்குத் தேன்மெழுகு. தோலுறைக்குள் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். உறை வேறு, கத்தி வேறாக, உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள். கறுப்பாகவோ சாம்பலாகவோ மாறினால் விட்டுவிடுங்கள், அந்தப் படலம் கத்திக்குக் காவல். சிவப்புப் புள்ளி வந்தால்தான் வேலை: எண்ணெய் தொட்ட மெல்லிய ஸ்டீல் வூலால் அந்தப் புள்ளியை மட்டும் தேய்த்து எடுங்கள், கத்தி முழுக்கத் தேய்த்தால் கோப்பியில் வந்த கறுப்பும் சேர்ந்து போய்விடும்.